வினைப்பயன் யார் தலையில்?

1897-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், சுவாமி விவேகானந்தர் கல்கத்தாவில் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். நோயின் வழியைக் காட்டிய அறிவும், நோயுற்றவரிடம் இறைவனைக் காணும் நெறியும் ஒரே ஆண்டில் நமக்கு வாய்த்தன. இரண்டையும் இணைத்துச் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

காட்டை வெட்டினால் கொசு ஒழியும் என்பது பலரது எண்ணம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. நமது வடகிழக்கு மாநிலங்களில், காட்டு நிழலில் தேங்கும் நீரில் வளரும் அனாஃபிலஸ் பைமாய் என்னும் கொசு, மரங்கள் மறைந்தால் குறைகிறது. ஆனால் வெயில்பட்ட நீரை நாடும் கொசுக்களும் உண்டு. மரம் வீழ்ந்த இடத்தில் வெயில் இறங்குகிறது. பள்ளங்களில் நீர் தேங்குகிறது. அருகிலேயே குடிசைகள் எழுகின்றன. பெரு நாட்டின் அமேசான் பகுதியில், இக்கிட்டோஸ் - நௌட்டா சாலையை ஒட்டி நடந்த ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. காடழிந்த இடங்களில் அனாஃபிலஸ் டார்லிங்கி கொசு மனிதரைக் கடிக்கும் அளவு, காடு மிகுந்த இடங்களைவிட 278 மடங்குக்கும் அதிகம் என்று அது கண்டது.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்கிறோம். இங்கே மரத்தை விற்றுப் பொருளீட்டியவர் தொலைநகரில் நலமாக இருக்கிறார். காய்ச்சலில் நடுங்குவது குடிசையில் உள்ள குழந்தை. அக்குழந்தையின் முன்வினை என்று சொல்லி நாம் விலகலாமா? கூடாது. கர்மக் கொள்கை நம் செயலை நாமே ஆராய்வதற்கு அருளப்பட்டது. பிறர் துன்பத்துக்குத் தீர்ப்புக் கூற அன்று. அந்த மரத்தில் செய்த மேசையில் எழுதுபவரும், அந்நிலத்தில் விளைந்ததை உண்பவரும் அவ்வினையில் பங்காளிகளே.

நெருப்பைப் புகை சூழ்வதுபோல் எல்லாச் செயலையும் குறை சூழ்ந்துள்ளது என்கிறது கீதை. பசிக்காக ஒரு காணி திருத்தும் ஏழையை நாம் பழிக்க இயலாது. ஆயினும் புகை தவிர்க்க முடியாதது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வது அறமாகாது. தேவைக்கு மேல் வெட்டாதிருத்தல், வெட்டிய இடத்தில் நீர் தேங்காமல் காத்தல், அங்கு வாழ்வோருக்குக் கொசுவலையும் மருந்தும் உரிய காலத்தில் சேர்த்தல் ஆகியவை தருமம் அல்ல, கடன்.

பயனை மட்டும் நாம் கொண்டு, பழுதைப் பிறர்மேல் இறக்கிவைக்கும் செயல் எதுவாயினும் அது யக்ஞம் ஆகாது. ஒவ்வொரு செயலின் முன்பும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இதன் பயன் யாருக்கு, இதன் காய்ச்சல் யாருக்கு?