நம்ப முடியாததை எழுதியவர்கள்

மறைவாகப் பத்திரிகை நடத்துகிறவன் எழுதியதற்காகப் பக்கத்து வீட்டுக்காரனைக் கொல்கிறார்கள் என்றால், அவன் தொடர்ந்து எழுதலாமா? இரண்டாம் உலகப் போர்க்கால வார்சாவின் யித்திஷ் பத்திரிகைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

1940 நவம்பரில் சுவர் எழுப்பி மூடப்பட்ட வார்சா கெட்டோவுக்குள் நான்கு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அடைபட்டிருந்தார்கள். பசியாலும் டைபஸ் காய்ச்சலாலும் தெருவிலேயே மக்கள் செத்து விழுந்த காலம். அதற்கு நடுவில் புந்த் என்ற யூத சோஷலிசக் கட்சியும், சியோனிச இளைஞர் குழுக்களும், கம்யூனிஸ்டுகளும் தனித்தனியே பத்திரிகை நடத்தினார்கள். பெரும்பாலும் மக்கள் பேசிய யித்திஷில், போலிஷிலும் ஹீப்ருவிலும்கூட. இரவில், கார்பைடு விளக்கு வெளிச்சத்தில், சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் சில நூறு பிரதிகள் உருட்டுவார்கள். ஒரே பிரதி பல கை மாறும். பிடிபட்டால் மரணம். வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கெல்ப்ளூமின் குழு அவற்றைச் சேகரித்து மண்ணில் புதைத்து வைத்ததால்தான் இன்று நாம் அவற்றைப் பற்றி இவ்வளவு அறிந்திருக்கிறோம்.

1942 ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை இரவு. ஜெர்மானியர்கள் பட்டியலோடு வீடு வீடாகப் போய், ஆட்களைப் பெயர் சொல்லி வெளியே அழைத்துச் சுட்டார்கள். 52 பேர் இறந்தார்கள். மறைமுகப் பத்திரிகைகளுக்கான தண்டனை இது என்ற செய்தி யூத நிர்வாகக் குழுவுக்கு வந்து சேர்ந்தது. குழுத் தலைவர் ஆடம் செர்னியாகோவ் பத்திரிகைகளை நிறுத்தும்படி கேட்டார். பொதுமக்களில் பலரும் அதையே விரும்பினார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரோ எழுதிய வரிக்காக என் வீட்டுக் கதவு தட்டப்படும் என்றால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பத்திரிகைக்காரர்கள் நிறுத்தவில்லை. அவர்களிடம் மறைக்க முடியாத ஒரு செய்தி இருந்தது. ஹெல்ம்னோ என்ற ஊரில் யூதர்களை மூடிய லாரிகளில் ஏற்றி, புகையைச் செலுத்திக் கொல்கிறார்கள் என்பதை அங்கிருந்து தப்பி வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தியைக் கெட்டோ நம்பவில்லை. ஏதோ ஒரு மூலையில் நடந்திருக்கலாம், வார்சா போன்ற தலைநகரத்தில் லட்சக்கணக்கானோரை யார் கொல்ல முடியும் என்றார்கள். இந்த மறுப்பை அறியாமை என்று எப்படிச் சொல்வது? அந்தச் செய்தியை நம்பினால் தன் குழந்தை சாகப்போகிறது என்பதையும் நம்பியாக வேண்டும். அதை நம்பிவிட்டு மறுநாள் காலை எழுந்து ரொட்டி வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்?

ஜூலை 22 அன்று வெளியேற்றம் தொடங்கியது. ‘கிழக்கில் குடியமர்த்துகிறோம்’ என்றது அறிவிப்பு. தாமாக வருகிறவர்களுக்கு மூன்று கிலோ ரொட்டியும் ஒரு கிலோ ஜாமும் கிடைக்கும் என்றார்கள். கொல்லப்போகிறவனுக்கு எவனாவது ரொட்டி கொடுப்பானா என்று பட்டினி கிடந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்த ரொட்டியின் முன்னால் ஒரு தாள் செய்தி எடுபடவில்லை.

ரயில்கள் எங்கே போகின்றன என்று அறிந்துவர ஸல்மன் ஃப்ரிட்ரிக் என்ற தோழரைப் புந்த் அனுப்பியது. ஒரு போலிஷ் ரயில்வே தொழிலாளியின் உதவியோடு சோகோலோவ் வரை போனார். ட்ரெப்ளிங்கா முகாமுக்குள் நிறைந்து போகும் ரயில் காலியாகத் திரும்புகிறது, உணவு எதுவும் உள்ளே போவதில்லை என்று அங்கே தெரிந்துகொண்டார். முகாமிலிருந்து தப்பிவந்த ஒருவரையும் சந்தித்தார். இந்த அழிவைப் பற்றிய விரிவான செய்தி செப்டம்பர் 20 அன்று புந்த்தின் ‘ஒய்ஃப் தெர் வாக்’ இதழில் வந்தது. அதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தச் சுற்று வெளியேற்றம் மறுநாளோடு முடிந்தது. வாசகர்களில் பெரும்பாலோர் இல்லாமல் போன பிறகும் ஏன் அச்சிட்டார்கள்? மிச்சமிருந்தவர்களையாவது ரயிலில் ஏறாமல் தடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அந்தப் பத்திரிகைக்காரர்களும் அதே சுவருக்குள்தான் இருந்தார்கள். அந்த ஏப்ரல் இரவில் அவர்கள் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது. பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து அவர்கள் பிறர் உயிரைப் பணயம் வைத்து எழுதவில்லை. அந்த ஆபத்தைப் பங்கு போட்டுக்கொண்டதால் அவர்களுக்கு எழுதும் உரிமை இருந்தது. பத்திரிகையை நிறுத்தினால் உயிர் பிழைக்கலாம் என்ற பேச்சும் பொய்யாகிவிட்டது. அந்தத் தாளைத் தொட்டே பார்க்காதவர்களும் அதே ரயிலில்தான் ஏற்றப்பட்டார்கள். ஆனால் ஏப்ரலில் இது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாமலேயே அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

1943 ஜனவரி 18 அன்று ஜெர்மானியர்கள் மறுபடியும் ஆள் பிடிக்க வந்தபோது, பலர் அழைப்புக்குப் பணியாமல் ஒளிந்துகொண்டார்கள். சிலர் கையில் கிடைத்த துப்பாக்கியால் சுட்டார்கள். எதிர்பார்த்த அளவு ஆட்கள் கிடைக்காமல் சில நாட்களில் அந்த வேட்டை நின்றது. ஏப்ரலில் எழுச்சி வெடித்தது. இரவில் சைக்ளோஸ்டைல் உருட்டிய மாரெக் எடெல்மன் அதன் தளபதிகளில் ஒருவராகி, உயிர் பிழைத்து, 1945-லேயே அதைப் பற்றி எழுதினார். ஃப்ரிட்ரிக் 1943 மே மாதம் கொல்லப்பட்டார்.