யாத்திரையின் பலன் எங்கே இருக்கிறது?

இறைவன் எங்கும் நிறைந்திருக்கிறான் என்றால், அவனைத் தேடி நெடுந்தொலைவு நடப்பது எதற்கு? கிறித்தவ உலகில் இது மிகப் பழைய கேள்வி. இடம் மாறுவதால் மட்டும் யாரும் கடவுளை நெருங்கிவிடுவதில்லை என்று 4-ஆம் நூற்றாண்டிலேயே நிசா நகர ஆயர் கிரகோரியார் ஒரு கடிதத்தில் வாதிட்டார். 1526-இல் அறிஞர் எராஸ்மஸ், யாத்திரை மோகத்தைக் கடிந்து ஓர் உரையாடலை வெளியிட்டார். மார்ட்டின் லூதரும் யாத்திரைகளை எதிர்த்தார். இத்தனை கண்டனங்களுக்குப் பிறகும் யாத்திரை அற்றுப்போகவில்லை.

இந்தக் கேள்வியை உரசிப் பார்க்க ஏற்ற இடம், ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியா. தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று அழைக்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறை, இங்குள்ள சந்தியாகோ தெ கம்போஸ்தேலா நகரில் 9-ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டது என்பது மரபு. அந்நகருக்கு வரும் பாதைகளில் புகழ்பெற்றது, பிரான்ஸ் எல்லையிலிருந்து சுமார் 780 கிலோமீட்டர் நீளும் பிரெஞ்சுப் பாதை. அதில் நடப்போருக்கு 12-ஆம் நூற்றாண்டிலேயே வழிகாட்டி நூல் இருந்தது.

ஒ செப்ரெய்ரோ என்ற மலையூரில் பாதை கலீசியாவுக்குள் நுழைகிறது. வட்டமான கற்சுவர்மேல் வைக்கோல் கூரை வேய்ந்த பழங்கால வீடுகள் அங்கே இன்றும் நிற்கின்றன. பாதை நெடுகிலும் வழிகாட்டும் மஞ்சள் அம்புக்குறிகளை 1980-களில் வரையத் தொடங்கியவர், அவ்வூர்ப் பங்குத்தந்தை எலியாஸ் வலீனியா. அந்த மலையூருக்குக் கீழே ஓக், செஸ்ட்நட் மரக்காடுகள் வருகின்றன. காட்டுக்கும் வயலுக்கும் நடுவே, பாசி படர்ந்த கல்வரப்புகள் இருபுறமும் உயர, தலைமுறைகளின் காலடியிலும் வண்டித்தடத்திலும் பள்ளமாகிப்போன குறுகிய பாதைகள் செல்கின்றன. ஊர்களில் தானியக் குதிர்கள் கற்கால்கள்மேல் நிற்கின்றன. எலி ஏறாதபடி ஒவ்வொரு காலின் தலையிலும் தட்டையான கல் வைக்கப்பட்டிருக்கும்.

நடப்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, புனிதரின் உடல் எச்சமாகிய திருப்பண்டத்தின் அருகே சென்று வேண்டுவது. ஆனால் இந்தக் கல்லறையின் வரலாறே இக்காரணத்தைச் சோதிக்கிறது. ஆங்கிலேயக் கடற்படைக்கு அஞ்சி 1589-இல் மறைத்துவைக்கப்பட்ட எலும்புகள், 1879-இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. அவை உண்மையானவை என்று 1884-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ அறிவித்தார். யாக்கோபின் உடல் ஸ்பெயினுக்கு வந்ததையே வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். எலும்புகள் இருக்குமிடம் தெரியாதிருந்த அந்த ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளிலும் யாத்திரிகர் வந்துகொண்டுதான் இருந்தனர்.

இரண்டாவது, பாவப் பரிகாரம். உடலை வருத்துவது உள்ளத்தைக் கழுவும் என்பது இடைக்கால நம்பிக்கை. இன்றும் நடந்து வருவோரில் குறைந்தது 100 கிலோமீட்டரைக் கடந்து, வழியில் யாத்திரிகர் கடவுச்சீட்டில் முத்திரைகள் பெற்றவருக்கே கம்போஸ்தேலா சான்றிதழ் கிடைக்கிறது. தொலைவை இப்படி அளந்துவிடலாம்; மனமாற்றத்தை அளக்க எந்த முத்திரையாலும் முடியாது. கிரகோரியாரின் வாதம் இங்கே வலுவாகவே நிற்கிறது.

மூன்றாவது, நடையே ஒரு வழிபாடு என்பது. பல நாள் நடப்பவர் தூக்க முடிந்ததை மட்டுமே சுமக்கிறார். மற்றதை விட்டுவிடக் கற்கிறார். முன்பின் அறியாதவரின் தண்ணீருக்கும் கூரைக்கும் கடன்படுகிறார். பாதையோரத்துச் சாமோஸ் மடத்துத் துறவிகள் பின்பற்றும் பெனடிக்டின் ஒழுங்கு, வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. நடப்பவருக்குப் பணிவும் வரவேற்பவருக்கு ஈகையும் பயிற்சியாகின்றன. வழிபாடு இடத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் இப்பாதை காட்டுகிறது: 1960-களில் அணைநீர் இப்பாதையிலுள்ள பழைய போர்த்தோமரீன் ஊரை மூழ்கடித்தபோது, அவ்வூர்த் தேவாலயம் எண்ணிடப்பட்டு, கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, மேட்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. அந்த எண்கள் சுவரில் இன்றும் தெரிகின்றன. பழைய இடம் நீருக்கடியில் போனது. வழிபாடு புதிய இடத்தில் தொடர்ந்தது.

ஆகவே கடவுள் ஓர் ஊரில் மட்டும் குடியிருப்பதில்லை என்பதில் யாத்திரையைக் கண்டித்தவர்கள் சொன்னது சரி. அதனால் நடப்பது வீண் என்ற முடிவு மட்டும் தவறு. யாத்திரையின் பலன் கல்லறையின் உண்மையைச் சார்ந்ததன்று. வழியில் கற்ற பணிவும் நன்றியும் வீடு திரும்பிய பின்னும் நிலைத்தால், அந்த யாத்திரை நிறைவேறியது.