வானும் வயிறும்

நாமக்கல் மாவட்டத்து மண், நிலவுக்குச் சென்ற கலத்துக்கு நடை பழக்கிற்று! கட்டுக்கதையல்ல, நடந்த செய்தி. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் என்னும் பாறை, அம்மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து மண்ணியல் துறையினரின் துணையோடு அதனை எடுத்துப் பொடியாக்கிப் பெங்களூரில் பரப்பி, அதன்மீதே ஒத்திகை பார்த்தனர் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிற்று. திட்ட இயக்குநர், விழுப்புரம் தந்த வீரமுத்துவேல். பெருமைதான், மறுப்பார் யார்?

அதே மாவட்டத்தில், கொல்லிமலை மீது இருக்கிறது வளப்பூர் நாடு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறவேண்டும். அங்கே விழும் அருவியின் பெயர் ஆகாய கங்கை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த மலையாளிப் பழங்குடி மக்களின் மண் அது. அம்மலை உழவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "எங்கள் மாவட்டத்து மண் நிலவுக்கு வழிகாட்டிற்று, சரி, நிலவு எங்கள் வீட்டுக்கு எதைக் காட்டப் போகிறது?" என்று கேட்டால், விடை கூறும் கடமை நமக்கு உண்டா, இல்லையா?

உண்டு. 'படிக்காதவர் கேள்வி' என்று அதனைத் தள்ளிவிடுபவர் அறிவியலின் நண்பராகார். 1969 சூலையில், அப்பல்லோ-11 புறப்படுவதற்கு முந்திய நாள், கோவேறு கழுதை வண்டிகளோடு, ஏழைக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு ஏவுதளத்தருகே சென்று இதே கேள்வியைத்தான் எழுப்பினார், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நாதி. நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் நேரில் வந்து விடையளித்தார். ஏவாது நிறுத்துவதால் வறுமை ஒழியுமெனில், நிறுத்திவிடலாம் என்பதே அவர் கூறியதன் கருத்து. அபர்நாதியோ விண்வெளி வீரர்கள்மீது பகை கொண்டாரில்லை, அவர்கள் நலத்துக்காக வேண்டவும் செய்தார். அவர் கேட்டது, எது முதலில் என்பதுதான்.

கணக்கைப் பார்ப்போம். சந்திரயான்-3க்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய். 2023-24ஆம் ஆண்டு ஒன்றிய அரசின் மொத்தச் செலவுத் திட்டம் ஏறத்தாழ 45 லட்சம் கோடி. அதில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது சுமார் 12,544 கோடி. நூறு ரூபாயில் இருபத்தெட்டுக் காசு! அந்த இருபத்தெட்டுக் காசா ஏழையின் சோற்றைப் பறித்தது? எஞ்சிய தொண்ணூற்றொன்பது ரூபாய் எழுபத்திரண்டு காசு எவ்வழிச் சென்றது என்று கேட்காமல், ராக்கெட்டை மட்டும் கைகாட்டுவது, களவு போன வீட்டில் விளக்கேற்றியவனைப் பிடித்து விசாரிப்பது போலாகும்.

அதற்காக, 'காசு சிறிது, கணக்கு எதற்கு?' என்பாரையும் நாம் ஏற்பதற்கில்லை. சோப்பு வாங்கும் ஏழையும் வரி கொடுக்கிறார். அந்தச் சிறு காசிலும் அவருடைய வியர்வை இருக்கிறது. கணக்குக் கேட்கும் உரிமை அவருடையது.

வானத்து அறிவு மண்ணுக்குப் பயன்படுமா? ஒடிசாவைப் பாருங்கள். 1999இல் பெரும்புயல் தாக்கிற்று. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். அன்றும் வானத்தில் இன்சாட் செயற்கைக்கோள் இருந்தது! 2013இல் பைலின் புயல் வந்தது. லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. செயற்கைக்கோள் மட்டும் காப்பாற்றிற்றா? இல்லை. முன்னறிவிப்பு கூர்மையடைந்தது, கரையோரத்தில் புகலிடங்கள் எழுந்தன, அரசு ஊர் ஊராகச் சென்று மக்களை எழுப்பிற்று. வானத்துக் கண் கண்டதை மண்ணிலுள்ள கை செய்தது. கண்ணுக்குச் செலவிட்டுவிட்டுக் கையைக் கட்டி வைத்தால், கண்டும் பயனில்லை.

ஆகவே நமது அளவுகோல் இரண்டு. ஒன்று, புது அறிவு கிடைக்கிறதா? மற்றொன்று, அது கடைசி மனிதனைச் சென்றடைய வழி உண்டா? சந்திரயான்-1 நிலவில் நீரின் தடயம் கண்டது, அது அறிவு. ஆனால், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2024இல் விரிவாக்கத்தோடு வகுக்கப்பட்ட மொத்த நிதி 20,193 கோடி. சந்திரயான்-3 போல முப்பது மடங்குக்கும் மேல்! கூடாதென்று நாம் கூறவில்லை. எந்திரம் செய்ய இயலாத எதனை அங்கே மனிதர் செய்யப்போகிறார் என்பதை விளக்குங்கள் என்கிறோம். 'பிற நாடு அனுப்பிற்று, நாமும் அனுப்புவோம்' என்பது விளக்கமாகாது. அண்டை வீட்டாரைப் பார்த்துக் கடன் வாங்கித் திருவிழா நடத்தும் மனப்பான்மை அது.

இன்னொன்றும் உண்டு. 2023 சூலையில், சந்திரயான்-3 புறப்படுமுன், அதன் சிறு மாதிரியோடு திருமலைக்குச் சென்று வழிபட்டனர் விஞ்ஞானிகள் சிலர். அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. எனினும், மக்கள் பணத்தில் நாம் வாங்குவது வெறும் எந்திரமன்று. ஏன், எப்படி என்று கேட்கும் துணிவையும் சேர்த்தே வாங்குகிறோம். அந்தத் துணிவு நாட்டில் பரவவில்லையெனில், செலவில் பெரும்பகுதி வீண்.

தமிழகத்து மலைகளில் நோயாளியைத் தூளி கட்டிச் சுமக்கும் கொடுமை இன்னும் முற்றும் ஒழியவில்லை. அதனை ஒழிக்க நிலவுப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. நிலவுக்குக் காட்டிய உறுதியில் பாதியை மலைப்பாதைக்குக் காட்டினால் போதும். தோழர்களே, ராக்கெட் வேண்டாமென்று முழங்குவது எளிது, வெற்றி கண்டு கைதட்டுவது அதனினும் எளிது. வரவு செலவுத் திட்டத்தைப் படித்து, ஊர் ஊராய்ச் சென்று, பணம் எங்கே போயிற்று என்று மக்களையே கேட்கச் செய்வதுதான் கடினம். நமக்குரிய வேலை அதுவே.