ஏழாம் நாள்

சிங்களக் கிராமங்களில் சாவு விழுந்தால் முதலில் ஓடி வருபவர்கள் மரணாதார சங்கத்தார். ஊரே மாதச் சந்தா கட்டி நடத்தும் சங்கம். கூடாரம், நாற்காலி, பெரிய பாத்திரங்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வழி நெடுக வெள்ளைக் கொடி ஏறுகிறது. உடல் இருக்கும்வரை செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சோறு அயலிலிருந்து வரும். ஆறுதல் சொல்ல வார்த்தை வராதவர்களும் அங்கே தேநீர் ஆற்றலாம், கொடி கட்டலாம்.

*

உடலை எடுப்பதற்கு முன் பாங்சுகூலம். பிக்குகளுக்கு வெள்ளைத் துணி கொடுத்தபின், வீட்டார் பாயில் அமர்ந்து ஒரே கெண்டியைச் சேர்ந்து பிடித்து, தட்டில் வைத்த கோப்பைக்குள் நீர் வார்க்கிறார்கள். பாலிப் பாடல் ஒலிக்க, கோப்பை நிறைந்து தட்டில் வழிகிறது. இங்கே கொடுத்ததன் புண்ணியம் இறந்தவரைச் சேரட்டும் என்பது வேண்டுதல். நான் பார்த்த வீட்டில், கெண்டி எட்டாத பேத்தி மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

*

அந்தப் பாடல் திரோகுட்ட சூத்திரத்தில் வருவது. அழுகையால் இறந்தவருக்குப் பயனில்லை என்பதும் அதே சூத்திரத்தில்தான் இருக்கிறது. முதலில் வாசித்தபோது மனம் கசந்தது. தாயைப் பறிகொடுத்தவளிடம் போய் இதையா சொல்வது? ஆனால் அந்த வீட்டில் யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. கெண்டியைக் கையில் கொடுத்தார்கள். அழுதபடியே வார்த்தாள்.

வேளாவேளைக்கு மருந்து கொடுத்து, கஞ்சி ஊட்டிப் பழகிய கை ஒரே நாளில் வேலையற்றுப் போகிறதே, துக்கத்தில் அதுதான் கொடிது என்று நினைக்கிறேன். ஆறாம் நாள் இரவு தர்ம உபதேசம், மறுநாள் தானம், பிறகு மூன்றாம் மாதம், ஆண்டு நிறைவு. அம்மாவுக்குப் பிடித்த கறிகளையே சமைத்து, நண்பகலுக்கு முன் பிக்குகளுக்குப் பரிமாறுகிறாள் மகள். அந்தக் கைக்கு மறுபடி வேலை வருகிறது.

*

இறந்த பிள்ளைக்கு மருந்து கேட்டு வந்த கிசா கோதமியை, சாவே விழாத வீட்டில் கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். அந்தக் கதையைச் சாவில்லாத வீடில்லை என்ற பாடமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். என் மனம் அவள் கடுகு கேட்டு நின்ற வாசல்களிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு வீட்டாரும் தங்களை விட்டுப் போனவரைப் பற்றி அவளிடம் சொல்லியிருப்பார்கள். அவளும் நின்று கேட்டிருப்பாள்.

படாசாரா கணவன், இரு பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவன் அத்தனை பேரையும் இழந்து, ஆடை நழுவியதும் அறியாமல் புத்தரின் சபைக்குள் வந்தாள். கூட்டம் தடுக்கப் பார்த்தது. ஒருவர் தம் மேலாடையை அவள்மேல் போட்டார் என்கிறது உரை. பின்னாளில் பிள்ளையை இழந்த பெண்கள் அவளையே தேடி வந்தார்கள். பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரீகாதை அவர்களை 500 பேர் என்கிறது. அவளிடமே துறவு பூண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள்.