கண்ணாடிக்குள் கடல்: வளர்ப்பவரின் கடப்பாடு பற்றி

உயிரொன்றை வளர்த்தல் அன்பின் செயலா, உடைமையின் செயலா என்னும் வினா பழையது. பசுவையும் நாயையும் வளர்ப்போரிடத்து அது அத்துணைக் கூர்மையாக எழுவதில்லை. அவை பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்து பழகியவை. கடல்மீனின் நிலை வேறு. அதிலும் கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலேயுள்ள நுவரெலியாவில் ஒருவர் தம் வீட்டுத் தொட்டியிற் கடல்மீன் வளர்க்க முற்படின், அவ்வினாவைத் தட்டிக்கழித்தல் அரிதாகும்.

இலங்கையின் பவளப்பாறைகளிற் பிடிக்கப்பட்டு ஏற்றுமதியாகும் ‘பவுடர் புளூ டாங்’ என்னும் மீனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இளநீல உடல், கறுத்த முகம், மஞ்சள் நிற முதுகுச் செட்டை. வாலடியின் இருபுறத்தும் கத்தி போன்ற முள் உண்டு. அதனாலேயே இக்குடும்பத்து மீன்களுக்குச் சத்திரவைத்தியர் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வாய்த்தது. பாறைகளிற் படரும் பாசியே இதன் பிரதான உணவு. பகல் முழுவதும் மேயும். சிலவேளை பெருங்கூட்டமாகத் திரண்டு மேய்வதும் உண்டு. இதனை வாங்குவோர் அழகுக்காக மட்டும் வாங்குவதில்லை. கண்ணாடியில் அடிக்கடி படரும் பாசியைத் தின்று தீர்க்கும் ஒரு வேலையாளாகவும் அதனைக் கருதுகின்றனர்.

ஆயின் அந்த வேலையாளுக்காக எசமானர் செய்யவேண்டிய வேலையோ பெரிது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு; எனவே 400 லீற்றர்த் தொட்டிக்கு 14 கிலோகிராம் உப்புக்கலவை வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். இம்மீனுக்கோ 25 பாகையளவு வேண்டும். ஆகவே இரவும் பகலும் நீரைச் சூடாக்கவேண்டும். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியில் நிலைபெறப் பல வாரங்கள் செல்லும். இவையனைத்தும் செய்தபின்னும், கண்ணாடியிலுள்ள பாசி அம்மீனுக்குச் சில நாட்களுக்கே போதும். அதன்பின் உலர்ந்த கடற்பாசியை நாள்தோறும் கையால் ஊட்டவேண்டும். துப்புரவுக்கு வந்தவர் விருந்தாளியாகி விடுகின்றார். தனிமையைப் போக்க இன்னொன்றை விடலாமெனின், குறுகிய இடத்தில் அவையிரண்டும் ஒன்றையொன்று தாக்கும். எனவே கூட்டமாகவும் மேயவல்ல உயிர் தனித்தே வாழ நேர்கின்றது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய நாளில் மலைநாட்டுத் தொட்டியொன்றின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். சூடாக்கி நிற்கும், காற்றூட்டி நிற்கும், நீர் குளிரத் தொடங்கும். வளர்ப்பவர் அன்பற்றவர் அல்லர். ஆயினும் மீனை வாங்கிய நாளில் அவர் சொல்லாமற் கொடுத்த வாக்குறுதி அவரது கையில் இல்லாத ஒன்றைச் சார்ந்திருந்தது. கடல் எவருக்கும் மின்கட்டணம் செலுத்தியதில்லை.

மீனுக்கு இவ்வளவு அறவிசாரணை ஏன் எனலாம். விலங்குகளைப் பொறுத்தவரை பகுத்தறிவோ பேச்சோ அன்றித் துன்புறும் ஆற்றலே கருதற்பாலது என்று பெந்தம் 1789இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். மீன் துன்புறுமா என்பது நெடுங்காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 2003இல் லின் சினெடன் முதலானோர், வானவில் திரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறு விளைக்கும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். நுவரெலியாப் பகுதியின் நீரோடைகளில் ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொணர்ந்து விட்டதும் திரவுட் மீனையே. விவாதம் முடிந்ததென்று சொல்லமுடியாது. எனினும், துன்பமில்லை என்பாரே இனிச் சான்று காட்டவேண்டும்.

கடல் மட்டும் சுவர்க்கமா என்பது வலுவான மறுப்பு. 1998இற் கடல்நீர் சூடேறியதால் ஹிக்கடுவை முதலிய இடங்களிற் பவளங்கள் வெளிறி மடிந்தன. பெரிய மீன் சிறிய மீனைத் தின்னாத நாளுமில்லை. தொட்டியில் உணவும் காவலும் உண்டு. இம்மறுப்பில் உண்மையுண்டு; ஆனால் ஒன்றை அது மறைக்கின்றது. கடலில் நேரும் கேட்டுக்கு வளர்ப்பவர் பொறுப்பாளியல்லர். தொட்டியில் அவர் தரும் வெப்பமும் உணவுமோ, அவரே உண்டாக்கிய குறைக்கு ஈடாகத் தருபவை. ஈட்டைக் கொடையெனக் கொள்ளுதல் பிழை. மலையகத்தார்க்கு இது புதிய செய்தியன்று. கடல் கடந்து கொணர்ந்தோருக்கு லயமும் மருந்தும் அளித்ததைத் தமது தயாளமாகக் கணக்கெழுதிய துரைமார் இங்கு இருந்தனர். மனிதரை மீனுக்கு ஒப்பிடுதல் தகாது. ஒப்புமை இந்த ஒரு புள்ளியளவே.

கரையோரத்தில் மூழ்கி மீன் பிடித்து வாழ்வோரையும் மறத்தலாகாது. மலையிலுள்ள ஒருவரின் மனச்சான்று தூய்மையாவதால் அவர்களது அடுப்பு எரியாது. இக்குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் டாங் மீனை 2015இல் ஹவாயில் தொட்டியிலேயே இனப்பெருக்கி வளர்த்தனர். இம்முறை பரவினால் பாறையிலிருந்து பிடிக்கும் குற்றம் நீங்கும். பிடித்து வாழ்வோரின் பிழைப்பும் உடன் நீங்கும். குளிரும் மின்வெட்டும் நீங்கா.

இனி, மீனை ஏற்கெனவே வாங்கிவிட்டவரின் நிலை. வாங்கியது தவறெனத் தெளிந்த பின்னும் அதனை மீளக் கடலில் விடுதல் எளிதன்று. தொட்டியிற் பற்றிய வெண்புள்ளி நோய் முதலியவற்றை அது பாறைக்குக் கொண்டு செல்லக்கூடும். மலையிலிருந்து இறங்கும் நெடும்பயணத்தில் இறக்கவுங்கூடும். இம்மீன்கள் பல்லாண்டு வாழ வல்லவை. தவறான தொடக்கத்திற் பிறந்த கடமை, தொடக்கம் தவறென்று அறிந்ததனால் நீங்குவதில்லை. அவ்வாண்டுகள் அனைத்துக்கும் நீரும் சூடும் உணவும் கொடுத்தே தீரவேண்டும். அந்நாட்களில் அவர் காட்டும் அக்கறையை அன்பென்பதா, கடன் தீர்த்தல் என்பதா? இரண்டும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.