வந்தியின் பங்கு

ஊருக்குப் பொதுவாக வரும் அழிவைத் தடுக்கும் சுமையை எவர் எவ்வளவு ஏற்பது என்னும் கேள்வியை, பருவநிலை மாற்றம் பற்றிய உலக அரங்குகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மதுரையின் சமய மரபு எழுப்பியிருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவதாக அமைந்து, இன்றும் ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் நிகழ்த்திக் காட்டப்படும் மண் சுமந்த படலத்தில், வைகை கரையை உடைத்துப் பாய, பாண்டியன் கரையை அளந்து ஆளுக்கொரு பங்காக அடைக்கச் சொல்கிறான். பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கும், துணையற்ற கிழவி வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது.

பங்கீடு நேர்மையாகவே தோன்றும், வெள்ளம் வந்த காரணத்தை எண்ணிப் பார்க்கும் வரை. சிவனடியாரான மாணிக்கவாசகரைச் சுடுமணலில் நிறுத்தி வதைத்தவன் அரசன். அந்தப் பிழைக்காக எழுந்த வெள்ளத்தை அடைக்கும் வேலையோ வந்தியின் தலையில் ஏறுகிறது. 1992இல் ரியோ டி ஜெனீரோவில் நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. பருவநிலை உடன்படிக்கை ‘பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு’ என்னும் நெறியை, அதாவது வானம் எல்லாருக்கும் பொது என்றாலும் புகையை மிகுதியாகக் கக்கி வளர்ந்த நாடுகளே முன்னின்று சுமக்க வேண்டும் என்பதை ஏற்றது. ஆனால் அந்நெறி அளப்பது நாடுகளின் பங்கையே. 2024 அக்டோபர் பெருமழையில் மதுரைச் செல்லூரில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது (வாய்க்கால் அடைபட்டதும் அதற்கு ஒரு காரணம்தான்) அங்கிருந்தோர் பட்ட பாடு எந்த உடன்படிக்கையின் கணக்கிலும் ஏறாது.

வந்தியின் பங்கை அடைக்கக் கூலியாளாக வந்த சிவபெருமான் உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டு, ஆடிப் பாடி, உறங்கியும் போகிறார். சினந்த அரசன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன்மேலும் அரசியர், அமைச்சர், யானை, குதிரை என எல்லா உயிர்கள்மேலும் படுகிறது. இறைவன் உயிர்களோடு பிரிப்பின்றிக் கலந்து நிற்கிறான் என்னும் சைவ சித்தாந்தத்தின் அத்துவிதக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான காட்சி அரிது. அவரவர் வினை அவரவர்க்கே என்னும் எளிய கணக்கு இங்கே போதாமல் போகிறது.

எனினும் தன் முதுகிலும் அடி பட்டதால்தான் பாண்டியன் உணர்ந்தான் என்பதை மறக்கலாகாது. கரியமில வாயு உலகெங்கும் பரவிக் கலந்தாலும் வெப்பத்தின் அடி ஒரே அளவில் படுவதில்லை. மேலூர்ப் பக்கம் உச்சி வெயிலில் களையெடுக்கும் பெண் உணர்வதைக் குளிரூட்டிய அவையில் முடிவெடுப்போர் உணர வழியில்லை. ஆகவே கரையை அளக்கும் முன்பே வெள்ளம் எவரால் வந்தது என்று அவை கேட்டாக வேண்டும். வந்திக்காக வரும் ஆளின் கூலியும் வெள்ளத்துக்குக் காரணமானவர் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். அப்படியொரு கூலி உண்டு என்று ஒப்பவே ரியோவிலிருந்து 30 ஆண்டுகள் ஆயின: இழப்புக்கும் சேதத்துக்குமான தனி நிதிக்கு நாடுகள் இசைந்தது 2022இல், எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில்தான்.