காசும் நாணயம், நேர்மையும் நாணயம்

காசையும் நேர்மையையும் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது நம் தமிழ். இவ்விரண்டு நாணயமும் கடை மேசையில் சந்திக்கும் நேரம் ஒன்றுண்டு. பழங்காசு ஒன்றை ஒருவர் கொணர்ந்து, “இது எவ்வளவு பெறும், பாய்?” என்று கேட்கும் நேரமே அது.

லெம்பா பெர்த்தாம் போன்ற தேயிலை வட்டாரங்களில் இக்கேள்வி எழுவது இயல்பே. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பெற்றது. அந்நாளில் மலாயாவில் புழங்கியவை நீரிணைக் குடியேற்றக் காசுகள். அவை இன்று செலாவணியில் இல்லை. ஆயினும் பாட்டிமாரின் பெட்டியில் ஒன்றிரண்டு தங்கியிருக்கக் கூடும்.

அவற்றை மதிப்பிட முதலில் தராசு வேண்டும். 1903, 1904ஆம் ஆண்டுகளின் வெள்ளி டாலர் 26.95 கிராம் எடையுள்ளது. 1907இல் வெளிவந்ததோ 20.21 கிராம். இரண்டிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1919இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலையுடன் வந்தது 16.85 கிராம், அதில் பாதியே வெள்ளி. பெயர் ஒன்று, உள்ளிருக்கும் சரக்கு மூன்று!

அடுத்து, கண் வேண்டும். மன்னரின் மகுடம், தாடி முதலிய மேடான பகுதிகளே முதலில் தேயும். ஆண்டு தெளிவாய்த் தெரிகிறதா, விளிம்பு வரிகள் உள்ளனவா, மாலையில் கோக்கத் துளையிட்டிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் விலை ஏறும் என்பார் உளர். ஏறாது, சேகரிப்போர் அத்தகைய காசுக்குக் குறைத்தே கொடுப்பர். தேய்மானம் காசு உழைத்ததற்குச் சாட்சி. துலக்குவது அச்சாட்சியை அழிப்பதாகும்.

இனி, மூன்றாவது ஒன்றும் வேண்டும்; அதுவே நம் கேள்வி. மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருந்தால், தாம் அறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவரா?

“அறிவும் முதல்தானே? கற்றதற்கு இலாபம் கூடாதா?” என்று கேட்கலாம். கூடும். இரு வியாபாரிகள் பேரம் பேசினால் இருவருக்கும் சரக்குத் தெரியும். அங்கே வாய் திறவாமை குற்றமன்று. ஆனால் ஒன்றும் அறியாத மூதாட்டி நம்மிடம் விலை கேட்கும்போது, அவர் காசை மட்டுமா நம் கையில் தருகிறார்? தம் நம்பிக்கையையும் சேர்த்தே தருகிறார். அது அமானிதம். அவ்விடத்தில் நம் நாவே தராசு. நாம் விழுங்கும் ஒவ்வொரு சொல்லும் எடைக்குறைவு.

ஆகவே வெள்ளியின் விலை இன்னது, தேய்மானம் இவ்வளவு, சேகரிப்போர் கூடுதலாகத் தரவும் கூடும், நமக்குக் கட்டுப்படியாகும் விலை இது என நான்கையும் சொல்லிவிடுவோம். தெரியாததைத் தெரியாது என்போம். அதன்பின் அவர் விற்றால் நம் இலாபம் தூய்மையானது. விற்காமல் எடுத்துச் சென்றாலும் நட்டமில்லை.

காசின் முகம் கைபட்டுத் தேயும். கடைக்காரரின் நாணயமோ கைபடக் கைபடத் துலங்க வேண்டும்.